அசையாத கோடு

கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் திரவக் குரோமட்டோகிராபியின் புறஊதா டிடெக்டரில் ரேஞ்ச் என்று எழுதிய ஒரு குமிழ் இருக்கும். பழைய கருவிகளில் அதைச் சுற்றி 2, 1, 0.5, 0.2, 0.1 என்று தொடங்கி 0.01, 0.005 வரை எண்கள் பொறித்திருக்கும். பதிவுத்தாளின் முழு அகலம் எத்தனை ஏயு ஒளி உறிஞ்சலுக்குச் சமம் என்பதை அந்த எண் சொல்கிறது. ஏயு என்பது ஒளி உறிஞ்சலின் அலகு. விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளியில் பத்தில் ஒரு பங்கு மறுபக்கம் வந்து சேர்ந்தால் 1 ஏயு, நூறில் ஒரு பங்கு வந்தால் 2 ஏயு. குமிழை 0.5இல் வைத்தால், 0.4 ஏயு உயரமுள்ள ஒரு பீக், அதாவது ஒரு பொருள் கடக்கும்போது கோட்டில் எழும் மேடு, 25 சென்டிமீட்டர் அகலத் தாளில் 20 சென்டிமீட்டர் எழுந்து அழகாக இறங்கும். அதே ஓட்டத்தில் அதற்குப் பின்னால் வரும் 0.002 ஏயு பீக்குக்குக் கிடைக்கும் உயரம் ஒரு மில்லிமீட்டர். பேனாமுனை போடும் கோட்டின் தடிமனே அதில் மூன்றிலொரு பங்கு இருக்கும். அசந்த கண் அதைத் தாண்டிப் போய்விடும். குமிழை 0.01க்குத் திருப்பினால் அந்தச் சிறு பீக் 5 சென்டிமீட்டர் உயரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிற்கும். ஆனால் பெரிய பீக்கை முழுதாக வரைய 10 மீட்டர் அகலமுள்ள தாள் வேண்டியிருக்கும்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டாகும். அது சீக்கிரத்தில் தீராது. ஒரே மாதிரி, ஒரே கரைப்பான், ஒரே விளக்கு. டிடெக்டருக்குள் நடந்தது அணுவளவும் மாறவில்லை. ஒரு தாள் தூய்மையான பொருள் என்கிறது, இன்னொன்று கலப்புள்ள பொருள் என்கிறது. இரண்டில் எதுவும் பொய்யல்ல. முதல் தாளில் அந்த 0.002 ஏயு இருக்கத்தான் செய்கிறது, ஒரு மில்லிமீட்டர் மேடாக. அதைக் காணாமல் விடுவதா கணக்கில் எடுப்பதா என்பது, மாதிரியை உள்ளே செலுத்துவதற்கு முன்பே, குமிழைத் திருப்பிய கையால் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தமிழில் ‘இல்லை’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது: பொருள் இல்லாமையையும் அது சொல்கிறது, கூற்றை மறுக்கவும் செய்கிறது. ஆய்வக அறிக்கையில் எழுதப்படும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற நீண்ட சொல் சலிப்பூட்டினாலும் நேர்மையானது. அதிலுள்ள ‘இல்லை’ பொருளைப் பற்றிப் பேசவில்லை, கண்டறிதலைப் பற்றிப் பேசுகிறது. எந்த ரேஞ்சில், எவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் கண்டறியப்படவில்லை என்ற இரண்டு விவரங்களும் கூடவே இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் முழுமையாகும். பெரும்பாலான அறிக்கைகளில் அவை இருப்பதில்லை.

சார்ட் ரெக்கார்டர் காலத்தில் இந்தத் தேர்வு கையாலும் காதாலும் நடந்தது. தாள் நிமிடத்துக்கு அரை சென்டிமீட்டரோ ஒரு சென்டிமீட்டரோ நகர்ந்துகொண்டிருக்கும். பெரிய பீக் வரும் நேரம் தெரிந்திருப்பதால், அதற்குச் சில நொடிகளுக்கு முன் கை குமிழுக்குப் போகும். பீக் ஏறி இறங்கி அடிக்கோட்டை நெருங்கியதும் குமிழ் மறுபடி நுண்ணிய ரேஞ்சுக்குத் திரும்பும். மாற்றிய இடத்தில் கோடு ஒரு படி போலத் துள்ளியிருக்கும். அந்தப் படிக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘0.5’ அல்லது ‘×8’ என்று எழுதிவைப்பது வழக்கம். மறந்தால் தொலைந்தது: பேனா தாளின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நின்று கிறீச்சிடும், பீக்கின் தலை வெட்டுப்பட்டு ஓரத்தோடு ஒரு நேர்கோடு ஓடும். அந்த பீக்கின் உயரம் என்றென்றைக்கும் தெரியப்போவதில்லை. அடிக்கோட்டைச் சரியாக பூஜ்யத்தில் வைக்கக்கூடாது என்பதும் அப்போது கற்றுக்கொண்ட பாடம்தான். கோடு கீழ்நோக்கி இறங்கினால் அதைக் காட்ட இடம் வேண்டும். அதனால் பேனாவைத் தாளின் அகலத்தில் ஐந்து அல்லது பத்து சதவீதம் மேலே ஏற்றிவைப்பார்கள். கரைப்பானைவிடக் குறைவாக ஒளியை உறிஞ்சும் பொருள் வந்தால் பள்ளம்தான் விழும். பூஜ்யத்தில் நிற்கும் பேனாவால் பள்ளத்தை வரைய முடியாது. பரப்பைக் கணக்கிட உயரத்தையும், பாதி உயரத்தில் உள்ள அகலத்தையும் பெருக்குவார்கள். இன்னும் துல்லியம் வேண்டியவர்கள் பீக்கைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, அந்தத் தாள் துண்டைப் பகுப்பாய்வுத் தராசில் எடை போடுவார்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து எடை கூடும் என்பதால் அளவு தெரிந்த கரைசலான ஸ்டாண்டர்டின் பீக்கையும் மாதிரியின் பீக்கையும் ஒரே நாளில் வெட்டி நிறுப்பார்கள். பத்து சென்டிமீட்டருக்கும் குறைவாக எழுந்த பீக்கை இப்படி நிறுத்தால் கத்தரியின் பிசகே பெரிதாகிவிடும். எனவே பீக் தாளை நிறைக்கும்படி ரேஞ்சைத் தேர்வது அன்றைக்கு அளவீட்டின் துல்லியத்தையே தீர்மானித்தது.

வாயுக் குரோமட்டோகிராபியில் குமிழ்கள் இரண்டு. ஒன்று ரேஞ்ச், மற்றது அட்டென்யுவேஷன். இரண்டும் கோட்டைச் சிறிதாக்கும், பெரிதாக்கும் என்பதால் ஒன்றையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பது இயல்பு. உள்ளே நடப்பது வேறு. சுடர் அயனியாக்க டிடெக்டரில் ஹைட்ரஜன் சுடருக்குள் கரிமச் சேர்மம் எரியும்போது மிகச் சொற்பமான மின்னோட்டம் பிறக்கிறது. நொடிக்கு ஒரு நானோகிராம் கார்பன் எரிந்தால் 15 பிக்கோஆம்பியர் அளவில் இருக்கும். அதை எலெக்ட்ரோமீட்டர் ஒரு பெரிய மின்தடையின் வழியே செலுத்தி மின்னழுத்தமாக மாற்றுகிறது. ரேஞ்ச் குமிழ் அந்த மின்தடையையே மாற்றும், படிக்குப் பத்து மடங்கு வீதம். அட்டென்யுவேஷன் அதற்குப் பிறகு, பேனாவுக்குப் போகும் மின்னழுத்தத்தை மட்டும் 2, 4, 8, 16 என்று வகுத்து 1024 வரை குறைக்கும். ஆகவே பீக்கின் தலை தாளில் வெட்டுப்படுவதில் இரண்டு வகை உண்டு. அட்டென்யுவேஷன் போதாமல் வெட்டுப்பட்டால் பேனாவுக்குத்தான் இடம் போதவில்லை. பரப்பைக் கணக்கிடும் இன்டிகிரேட்டருக்குத் தனிக் கம்பியில் போகும் சிக்னல் முழுதாக இருக்கும். ரேஞ்ச் தவறாகி எலெக்ட்ரோமீட்டரே நிறைந்து வழிந்தால் எந்தக் கம்பியிலும் உண்மை போகாது. அப்போது பீக்கின் தலை மேசையைப் போலத் தட்டையாக இருக்கும். அட்டென்யுவேஷனைக் கூட்டினால் அந்த மேசை சின்ன மேசையாகுமே தவிர கூர்மையடையாது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான சோதனை இல்லை. இன்னொன்றும் உண்டு: ஒரு லட்சம் மெகா ஓம் போன்ற மின்தடைகளைத் துல்லியமாகச் செய்வது கடினம். ஒரு ரேஞ்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து மடங்கு என்று குமிழில் எழுதியிருந்தாலும், உள்ளே அது சில சதவீதம் கூடவோ குறையவோ இருக்கக்கூடும். ஸ்டாண்டர்டை ஒரு ரேஞ்சிலும் மாதிரியை வேறொரு ரேஞ்சிலும் ஓட்டிவிட்டுப் பத்தால் பெருக்கிக்கொள்வது அதனாலேயே தவறான பழக்கம்.

நுண்ணிய ரேஞ்சுக்குப் போகப் போகச் சிறியவை தெரியும் என்பது பாதி உண்மை. குமிழ் பீக்கை மட்டும் தனியாகப் பிடித்து உயர்த்துவதில்லை. விளக்கின் நடுக்கம், பம்பின் துடிப்பு, கரைப்பானில் கரைந்த காற்று, மின்சுற்றின் வெப்ப அலைவு எல்லாவற்றையும் அதே மடங்கு உயர்த்துகிறது. 0.0001 ஏயு இரைச்சலுள்ள பழைய டிடெக்டரை 0.5இல் வைத்தால் அந்த இரைச்சல் தாளில் 0.05 மில்லிமீட்டர்; மையின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும், கோடு பட்டு நூல் மாதிரி ஓடும். 0.01இல் அது 2.5 மில்லிமீட்டர் உயரமுள்ள புல்வெளி. பீக்குக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இரண்டு தாளிலும் ஒன்றே. இந்த விகிதத்தை வைத்துத்தான் எல்லைகள் போடப்பட்டிருக்கின்றன: இரைச்சலைப்போல் மூன்று மடங்கு எழுந்தால் ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லலாம், பத்து மடங்கு எழுந்தால் எவ்வளவு என்றும் சொல்லலாம். மருந்துத் தர விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஹெச் அமைப்பு 1990களில் உருவாக்கிய வழிகாட்டுதல்கள் இதை எழுத்தில் வைத்தன. மூன்றுக்கும் பத்துக்கும் இடையில் இருப்பது விசித்திரமான நிலம். அங்கே ஒரு பொருள் உண்டு என்று சொல்ல முடியும், எவ்வளவு என்று சொல்ல முடியாது. ரேஞ்சை எவ்வளவு குறைத்தாலும் அந்த நிலத்திலிருந்து வெளியேற வழியில்லை. புல்லும் செடியும் சேர்ந்தேதான் வளரும். ஆனாலும் இரைச்சலே தெரியாத ரேஞ்சில் ஓட்டிய தாளைவிட, இரைச்சல் மெலிதாகத் தெரியும் ரேஞ்சில் ஓட்டிய தாள் மேலானது. இரைச்சலைப் பார்க்க முடிந்தால்தான் விகிதத்தைக் கணக்கிட முடியும். பட்டு நூல் போன்ற கோடு கருவியின் தரத்துக்குச் சான்று என்று எண்ணுவது ஆய்வகங்களில் நெடுநாளாக இருக்கும் ஒரு மயக்கம்.

இரைச்சலைக் குறைக்க வேறு வழி ரேஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: டைம் கான்ஸ்டன்ட். சிக்னலைச் சற்று நேரம் தேக்கிச் சராசரி எடுத்து வெளியே விடுவது அதன் வேலை. அதை நான்கு மடங்காக்கினால் தாறுமாறான இரைச்சல் ஏறக்குறையப் பாதியாகும். விலை பீக்கிலிருந்து வசூலிக்கப்படும். ஆறு நொடி அகலமுள்ள பீக்குக்கு அரை நொடி டைம் கான்ஸ்டன்ட் பெரிய கெடுதல் செய்யாது. நான்கு நொடி வைத்தால் பீக் உயரம் குறைந்து, பின்பக்கம் வால் நீண்டு, அடுத்த பீக்கோடு ஒட்டிக்கொள்ளும். சிறிய அசுத்தம் பெரும்பாலும் பெரிய பீக்கின் தோளில்தான் வந்து உட்காரும் என்பதால், இரைச்சலைக் குறைக்கப் போய் அந்தத் தோளையே மழித்துவிடுவது நடக்கிறது. மற்ற சில இரைச்சல்களுக்குக் குமிழே தேவையில்லை. ஒளிவிலகல் டிடெக்டரை நுண்ணிய ரேஞ்சில் வைத்துவிட்டால், அறையின் ஏ.சி. காற்று நேரே பட்டாலே கோடு அலையத் தொடங்கும். யாரோ கதவைத் திறந்து மூடிய நேரம்கூடத் தாளில் பதிவாகும். 210 நானோமீட்டரில் மெத்தனாலைக் கரைப்பானாக ஓட்டினால் மெத்தனாலே ஒளியைக் குடிக்கத் தொடங்கிவிடும், அதன் விகிதம் மாற மாறக் கோடு மலையேறும். இங்கெல்லாம் ரேஞ்சை மாற்றுவது நோயை விட்டுவிட்டுப் படத்தை மாற்றுவதாகும். கரைப்பானை மாற்றவேண்டும், காற்றை நீக்கவேண்டும், ஆயிரக்கணக்கான மணி நேரம் எரிந்து தேய்ந்த டியூட்டீரியம் விளக்கைக் கழற்றவேண்டும்.

மேல் எல்லை கீழ் எல்லையைவிட மோசமாக ஏமாற்றும். கீழே இரைச்சல் இருப்பதால் ஒரு எச்சரிக்கை உண்டு. மேலே கோடு அழகாகவே இருக்கும். புறஊதா டிடெக்டருக்குள் மாதிரியின் வழியே போகாத சிதறொளி எப்போதும் சிறிது உண்டு. அது ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், உண்மையில் 1 ஏயு உறிஞ்சும் கரைசல் 0.996 என்று காட்டும்; யாரும் கவலைப்பட மாட்டார்கள். 2 ஏயு 1.96 ஆகும், இரண்டு சதவீதம் போயிற்று. 3 ஏயு கரைசல் 2.7 என்று காட்டும். அதற்கு மேல் எவ்வளவு அடர்த்தியாக ஊற்றினாலும் 3ஐத் தாண்டாது. பீக்கின் தலை வெட்டுப்பட்ட மாதிரி தெரியாது. கூழாங்கல் போல மெல்ல உருண்டு மழுங்கியிருக்கும், பார்க்க ஆரோக்கியமான பீக்காகவே இருக்கும். ரேஞ்சை 4 ஏயு என்று வைக்க இன்றைய கருவி அனுமதிக்கும். அப்படி வைத்தால் மழுங்கிய தலையும் முழுதாகத் தாளுக்குள் வந்துவிடும், எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்ற நிம்மதியும் கிடைக்கும். அந்த நிம்மதிக்கு ஆதாரம் எதுவும் இல்லை. டிடெக்டர் நேர்விகிதத்தில் பேசும் வரம்பு வேறு, ரேஞ்ச் காட்டும் வரம்பு வேறு. முதலாவதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஐந்தாறு அடர்த்திகளில் ஸ்டாண்டர்டை ஓட்டிக் கோடு எங்கே வளைகிறது என்று பார்ப்பதுதான். சுடர் டிடெக்டர் இதில் தாராளமானது: ஏறக்குறைய ஒரு கோடி மடங்குவரை நேராகப் போகும். புறஊதா டிடெக்டர் அவ்வளவு கொடுத்துவைத்ததல்ல.

மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒரே ஓட்டத்தில் மோதிக்கொள்ளும் இடத்துக்குப் பாரசிட்டமாலைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அதன் தயாரிப்பில் மூலப்பொருளாகவும், பிறகு ஈரத்தில் சிதையும்போது விளைபொருளாகவும் வருவது 4-அமினோஃபீனால், சிறுநீரகத்துக்குக் கேடானது. மருந்துப்பொருளில் அது 50 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்பது மருந்துத் தரநூல்கள் வைத்திருக்கும் வரம்பு. அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே அளவு ஒளியை உறிஞ்சுவதாகக் கொண்டால், பாரசிட்டமாலின் பீக் 1 ஏயுவாக இருக்கும்போது 4-அமினோஃபீனாலின் பீக் 0.00005 ஏயு. பழைய டிடெக்டரின் இரைச்சலில் பாதிதான் அது. எந்த ரேஞ்சிலும் தெரியாது. பாரசிட்டமாலையும் அளவுக்குள் வைத்து 4-அமினோஃபீனாலையும் பார்க்கவேண்டும் என்ற ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும். மாதிரியை இருபது மடங்கு அடர்த்தியாக்கி உள்ளே விடுவதுதான் செய்யக்கூடியது. பாரசிட்டமாலின் பீக் டிடெக்டரை மூழ்கடித்து, அர்த்தமற்ற ஒரு பாறையாகத் தாளில் நிற்கும். அதற்கு முன்பே, அமைதியான அடிக்கோட்டில், 4-அமினோஃபீனால் 0.001 ஏயு உயரத்தில் வந்துபோயிருக்கும். அதைப் பாரசிட்டமாலின் பரப்போடு ஒப்பிடாமல், வரம்பின் அளவுக்கே கரைத்துவைத்த 4-அமினோஃபீனால் ஸ்டாண்டர்டோடு ஒப்பிடுகிறார்கள். பிறகு மருந்தின் அளவைத் தெரிந்துகொள்ள நீர்த்த கரைசலோடு இன்னொரு ஓட்டம். ஒரே ஓட்டத்தில் இரண்டையும் சொல்லிவிட முடியாது என்று ஒப்புக்கொண்ட இந்த முறையில் ஒரு கம்பீரம் இருக்கிறது. பெரியதை வேண்டுமென்றே இழந்துதான் சிறியது பார்க்கப்படுகிறது. எதை இழந்தோம் என்பது செய்முறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உணர்திறன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வரலாற்றில் நிற்கும் கருவி எலெக்ட்ரான் கவர் டிடெக்டர். ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் அதை உருவாக்கினார். குளோரின், புளோரின் போன்ற அணுக்கள் உள்ள சேர்மங்கள் எலெக்ட்ரான்களை விழுங்குவதால் மின்னோட்டத்தில் ஏற்படும் குறைவை அது அளக்கிறது. 1971இன் இறுதியில் ஷாக்கில்டன் என்ற ஆய்வுக் கப்பலில் பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிக்காவை நோக்கி அதைக் கொண்டுபோனவர், நடுக்கடல் காற்றிலும் குளோரோஃபுளூரோகார்பன் இருப்பதைக் கண்டார். அளவு, லட்சம் கோடியில் ஐம்பது பங்கு போல. வேறெந்த டிடெக்டரிலும் அந்தக் காற்று அசையாத கோடாகத்தான் இருந்திருக்கும். இந்தக் கருவிக்கு ஒரு விலை இருந்தது: தொடக்கத்தில் அது நேர்விகிதத்தில் பேசிய வரம்பு மிகவும் குறுகல், நூறு மடங்கைக்கூட எட்டாது. துடிப்பு முறைக்கு மாற்றிய பிறகே பத்தாயிரம் மடங்கு வரை போயிற்று. எவ்வளவு நுண்மையோ அவ்வளவு சீக்கிரம் நிறைந்துவிடும்; சற்றே அடர்த்தியான மாதிரியை விட்டால் டிடெக்டர் மணிக்கணக்கில் தெளியாமல் கிடக்கும். கப்பல் பயணத்தின் கட்டுரை 1973இல் வெளிவந்தபோது, இந்த அளவில் இந்தச் சேர்மங்களால் தீங்கு எதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்ற பொருளில் லவ்லாக் எழுதினார். மறு ஆண்டே வேதியியலாளர்களான மொலினாவும் ரோலண்டும் இதே சேர்மங்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். பார்க்க முடியாததைப் பார்க்கும் கருவியைச் செய்தவரே, பார்த்ததன் எடையைக் குறைவாக மதிப்பிட்டார் என்பதை அவர்மேல் குற்றமாக வைக்கத் தேவையில்லை. சிறிய பீக் சிறிய பொருள்தான் என்று நினைக்கும் பழக்கம், தாளைப் பார்த்துப் பழகிய எல்லாக் கண்களுக்கும் உண்டு.

கணினி வந்தபின் குமிழ் மறைந்தது. தேர்வு மறைந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டது. முதலில் அது எண்ணாக மாற்றும் பலகைக்குள் போயிற்று. ஒரு வோல்ட்டை 12 பிட் பலகை 4096 படிகளாகத்தான் வெட்டும். ஏயுவுக்கு ஒரு வோல்ட் என்று இணைத்தால் ஒரு படி 0.00024 ஏயு. பிரதான பீக் 1 ஏயு இருக்கும்போது, அறிக்கையில் காட்டவேண்டிய குறைந்தபட்ச அசுத்தமான 0.05 சதவீதத்தின் உயரம் 0.0005 ஏயு: இரண்டே படி. அந்தக் காலத்துக் கோடுகளை உருப்பெருக்கிப் பார்த்தால் பீக்குகள் படிக்கட்டுகளாக இருக்கும். 24 பிட் பலகை ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படி வெட்டுவதால் இந்தக் கவலை தீர்ந்தது; டிடெக்டர் தருவதை எல்லாம் அப்படியே வாங்கிவைத்துக்கொள்ளலாம், பிறகு திரையில் வேண்டியபடி பெரிதாக்கிப் பார்க்கலாம். ரேஞ்சைத் தேரவேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது அப்போதுதான். ஆனால் திரைக்கு ஓர் அளவு வேண்டுமே. மென்பொருள் தானாகவே மிக உயர்ந்த பீக்கைப் பார்த்து அதற்கேற்ப அளவைப் போட்டுக்கொள்கிறது. பிரதான பீக் திரையை நிறைக்கிறது, மற்றவை அடிக்கோட்டில் படுத்துக்கொள்கின்றன. வெறும் கரைப்பானை ஓட்டிய பிளாங்க்கை அதே மென்பொருள் வரைந்தால், அங்கே உயர்ந்தது இரைச்சல்தான் என்பதால் அதையே திரை நிறைய உயர்த்துகிறது. சுத்தமான கரைப்பான் மலைத்தொடராகவும், கலப்புள்ள மாதிரி சமவெளியாகவும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகின்றன. ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள அளவைப் படிக்காதவர் இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொள்வார். பழைய குமிழை ஒரு மனிதர் திருப்பினார், பென்சிலால் குறித்தார். இந்த அளவை யாரும் திருப்புவதில்லை. எந்தப் பரப்புக்குக் கீழே உள்ளதை பீக் என்றே எண்ணவேண்டாம் என்று மென்பொருளில் போட்டுவைக்கும் எண்ணும் இதே ரகம்: ஒருமுறை செய்முறைக் கோப்பில் எழுதிவைத்தால், யார் எழுதினார்கள், ஏன் அந்த எண் என்ற கேள்வி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அது வேலை செய்துகொண்டிருக்கும்.

2018 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை வால்சார்ட்டான் மாத்திரைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது வெளிவந்த எண்கள் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. ரத்த அழுத்தத்துக்கான அந்த மருந்தில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமின் இருந்தது. தயாரிப்பு முறையில் செய்த மாற்றத்தின் விளைவு. ஒரு நாளைக்கு 96 நானோகிராம் வரை ஏற்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். 320 மில்லிகிராம் வால்சார்ட்டான் எடுப்பவருக்கு அது பத்து லட்சத்தில் 0.3 பங்கு. வழக்கமான அசுத்தச் சோதனை அறிக்கையில் ஏற்றத் தொடங்கும் 0.05 சதவீதம் பத்து லட்சத்தில் 500 பங்கு. இரண்டுக்கும் இடையே ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் தூரம். பிரதான பீக்கை 1 ஏயுவில் நிறுத்தி, சமமாக உறிஞ்சுவதாகக் கொண்டு கணக்கிட்டால், என்டிஎம்ஏவின் பங்கு ஒரு ஏயுவில் கோடியில் மூன்று. இன்றைய நல்ல டிடெக்டரின் இரைச்சலுக்கும் அது வெகுகீழே. இங்கே ரேஞ்சைக் குறைகூற இடமில்லை. எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் அந்தக் கோடு அசைந்திருக்காது. நிறை நிறமாலைமானி என்ற வேறு டிடெக்டர்தான் வேண்டியிருந்தது, அதற்கும் முன்னால் என்டிஎம்ஏ இருக்கக்கூடும் என்ற சந்தேகம் வேண்டியிருந்தது. சோதித்தவர்கள் விதிப்படி சோதித்தார்கள், கோடு விதிப்படி நேராக இருந்தது, மாத்திரைகள் மக்களிடம் போயின. நெஞ்சை உறுத்தும் இடம் அதுதான்.

நடைமுறையில் ரேஞ்சைத் தேர்வது பெரிய வித்தையல்ல, வரிசைதான் முக்கியம். மாதிரியை முதலில் ஓட்டக்கூடாது. வரம்பின் அளவுக்கு நீர்த்த ஸ்டாண்டர்டை முதலில் ஓட்டி, அந்த பீக் இரைச்சலைப்போல் பத்து மடங்காவது எழுகிறதா என்று பார்க்கவேண்டும். எழவில்லை என்றால் ரேஞ்சைத் தொடாமல் மாதிரியின் அடர்த்தியையோ, செலுத்தும் கொள்ளளவையோ, அலைநீளத்தையோ மாற்றவேண்டும். எழுந்தால், இரைச்சல் தாளின் அகலத்தில் ஒரு சதவீதம்போலத் தெரியும் ரேஞ்சில் நிறுத்தவேண்டும். அடுத்து, எதிர்பார்க்கும் மிக அடர்த்தியான ஸ்டாண்டர்டை ஓட்டி, அது டிடெக்டரின் நேர்விகித வரம்புக்குள் நிற்கிறதா, தாளில் எண்பது சதவீதத்துக்குமேல் போகாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே ரேஞ்சில் அடங்காவிட்டால் இரண்டு ஓட்டம் என்று ஒப்புக்கொள்ளவேண்டும், ஸ்டாண்டர்டும் மாதிரியும் அந்தந்த ஓட்டத்தில் அதே ரேஞ்சில் இருக்கவேண்டும். பிளாங்க்கையும் அதே அளவில் அச்சிடவேண்டும், மென்பொருள் தானாகப் போடும் அளவில் அல்ல. ஓட்டத்தின் நடுவே ஏதாவது மாற்றினால் மாற்றிய நேரம் பதிவாகவேண்டும். மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது, வரப்போகும் பீக்கைப் பார்த்துவிட்டு ரேஞ்சைத் தேர்வது மட்டும் கூடவே கூடாது. அப்போது கை ஏற்கெனவே ஒரு பதிலை விரும்பத் தொடங்கியிருக்கும்.

தேர்ந்த எண் தாளிலேயே இருக்கவேண்டும் என்பதில் பழைய இன்டிகிரேட்டர்கள் கறாராக இருந்தன. ஓட்டம் தொடங்கும்போதே அட்டென்யுவேஷனையும் தாள் வேகத்தையும் மேல் ஓரத்தில் அச்சிட்டுவிடும். அச்சிட்டது வெப்பத்தாளில். சில ஆண்டுகளில் அது பழுப்பேறி, எழுத்து வெளிறிப்போகும். வெயில் படும் அலமாரியென்றால் இன்னும் சீக்கிரம். அதனால் நகலெடுத்துக் கோப்பில் வைப்பார்கள். நீளமான தாளை நகல் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் அடக்கும்போது மேல் ஓரம் வெளியே போய்விட்டால், நகலில் கோடு முழுதாக இருக்கும், பீக்குகளின் மேல் நேரங்கள் இருக்கும், அட்டென்யுவேஷன் இருக்காது. அப்படிப்பட்ட நகலை இருபது ஆண்டு கழித்துக் கையில் எடுப்பவர், நான்கரை நிமிடத்தில் ஒரு பீக் வந்தது என்று படிக்கலாம். அது எவ்வளவு பெரியது என்று படிக்க முடியாது. ஏழாவது நிமிடத்துக்குப் பிறகு நேராக ஓடும் கோட்டிலிருந்து அவரால் எதையும் படிக்க முடியாது.